பள்ளிச் சுவரில் எமல்ஷன் பூசுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவிதாங்கோடு அரப்பள்ளி பற்றியும் கேரளத்தின் பழைய ஆர்த்தடாக்ஸ் பள்ளிகள் (இங்கே பள்ளி என்றால் தேவாலயம்) பற்றியும் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தக்கலைப் பக்கத்து விஷயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தி, பழைய பள்ளிகள் பலவும் 'புதுப்பொலிவு' பெற்று வருவதாக மகிழ்கிறது. அந்தச் சொல்தான் எங்களைக் கவலைப்பட வைத்தது. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூச்சு, அதன்மேல் புட்டி, அதன்மேல் எமல்ஷன்: நம் ஊரில் புதுப்பொலிவு என்றால் பெரும்பாலும் இதுதான். தலைமுறை தலைமுறையாக மழையையும் விளக்குப் புகையையும் தாங்கி நின்ற ஓவியத்தை இந்த வேலை சில மழைக்காலங்களிலேயே உதிர்த்துவிடும். அது எப்படி என்று விளக்கவும், செய்ய வேண்டியதைச் சொல்லவும் இதை எழுதுகிறோம்.

முதலில் வயதுக் கணக்கு. புனித தோமா நிறுவிய ஏழரைப் பள்ளிகளில் அந்த 'அரை' திருவிதாங்கோடு என்பது மரபு, கி.பி. 63 என்று அந்த மரபு ஆண்டும் சொல்கிறது. 'அர' என்பதற்குப் பாதி என்று பொருள் கொள்பவர்களும் உண்டு, அரசன் கொடுத்த பள்ளி என்று கொள்பவர்களும் உண்டு. மரபு மரபாகவே மதிக்கப்பட வேண்டியது. ஆனால் 'கி.பி. 63-இல் கட்டிய கட்டடம் அப்படியே நிற்கிறது' என்று கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியாது. ஒரு பழைய பள்ளிக்கு ஒரே வயது கிடையாது. சபைக்கு ஒரு வயது, சுவருக்கு ஒரு வயது, பூச்சுக்கு ஒரு வயது, அதன்மேல் உள்ள ஓவியத்துக்கு இன்னொரு வயது. இவற்றைக் குழப்பினால் வருகிற கேடு சின்னதல்ல. சுவர் பழையது, பூச்சு மட்டும் பிற்காலத்தது என்று யாராவது சொன்னால் போதும், 'அப்படியானால் பூச்சைக் கொத்திவிடலாம்' என்று முடிவாகிவிடும். அந்தப் பிற்காலப் பூச்சில்தான் ஓவியம் இருக்கும்.

எழுத்துச் சான்று வேண்டுமானால் அது வேணாட்டிலேயே, நம் பக்கத்துப் பழைய நாட்டிலேயே, இருக்கிறது. கி.பி. 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், சேர மன்னன் தாணு ரவியின் 5-ஆம் ஆட்சியாண்டில் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த உரிமைகளைப் பதிவு செய்கின்றன. அந்தப் பள்ளியோடு தொடர்புடைய வணிகத் தலைவர் மருவான் சபீர் ஈசோ. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி, கல்வெட்டுத் தமிழ் பழகியவர் எழுத்துக் கூட்டிப் புரிந்துகொள்ளக்கூடிய மொழி. சாட்சிகளின் கையொப்பங்களோ கூஃபி என்ற பழைய அரபி எழுத்திலும், பகலவி என்ற பழைய பாரசீக எழுத்திலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் இருக்கின்றன. குமரி மாவட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கட்டுரை இதை ஒரு வரியில்கூடத் தொடவில்லை.

'ஆர்த்தடாக்ஸ்' என்றதும் ரஷ்யாவையும் கிரேக்கத்தையும் நினைக்கிறவர்கள் உண்டு. இங்கே பேசப்படுவது மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை. சிரியாக் வழிபாட்டு மரபு.  கலைக்கு முக்கியமானது ஒன்று உண்டு. இந்த மரபில் வழிபாடு கிழக்கு நோக்கியது. பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதி மதுபஹா. சிலைகளுக்கு இங்கே வழக்கமில்லை, படங்களுக்கு உண்டு. அதனால் ஓவியனின் முழு உழைப்பும் மதுபஹாச் சுவர்களில் குவிந்திருக்கும். அந்தச் சுவர்களே மழைநீர் முதலில் இறங்கும் இடம் என்பதைக் கீழே பார்ப்போம்.

கோட்டயம் தாழத்தங்காடியில் உள்ள செறியபள்ளி, தெக்கும்கூர் அரசின் காலத்தில் 1579-இல் கட்டப்பட்டது. முகப்பில் போர்ச்சுகீசியச் சாயல், கூரையில் கேரளத் தச்சு, மதுபஹாச் சுவர்களில் தாவர, மண் வண்ணங்களால் ஆன பைபிள் காட்சிகள். ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டில் உள்ள புனித ஜார்ஜ் ஆர்த்தடாக்ஸ் பள்ளியில் 40-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் இருக்கின்றன. பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் கட்டம் கட்டமாக வரிசை பெறும். 1836-இல் மாவேலிக்கரையில் கூடிய சபை மாமன்றத்தின் காலத்தில் சபையை நடத்திய சேப்பாடு மார் திவன்னாசியோஸ் அடக்கமான இடமும் அதுவே. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்தும் திட்டம் வந்தபோது இந்தப் பள்ளிக்கு ஆபத்து வருமோ என்ற கவலை எழுந்தது, செய்திகளில் பேசப்பட்டது. சாலைக்காக இடிப்பது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து, அதற்கு ஆட்கள் திரள்வார்கள். ஒரு வாளி எமல்ஷனுக்கு யாரும் திரள மாட்டார்கள்.

இந்த ஓவிய முறை கேரளத்துக்கு மட்டும் சொந்தம் என்று நம் பக்கத்தில் நினைக்கிறோம். ஆனால் அந்த மரபின் மிகப் பழைய எச்சம், 9-10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது, குமரி மாவட்டத் திருநந்திக்கரைக் குடைவரையில்தான் இருக்கிறது. முழு வளர்ச்சி கண்ட 18-ஆம் நூற்றாண்டு வடிவத்தைப் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் பார்க்கலாம். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-இல் போட்ட எல்லைக்கோடு சுண்ணாம்புப் பூச்சில் தெரியாது. இரு பக்கத்துக் கொத்தனார்களும் ஒரே கைப்பழக்கத்தில் வந்தவர்கள்.

இனி அந்தப் பூச்சு. கேரள முறையில் ஓவியத்துக்கான சுவர் மூன்று நிலையில் தயாராகும். முதலில் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் வெல்லநீரும் சேர்ந்த கரடான அடிப்பூச்சு. அடுத்து அதே கலவையில் பஞ்சைச் சேர்த்து மாவாக அரைத்த மெல்லிய பூச்சு. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், வெடிப்பைத் தடுக்கும். கடைசியாகச் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து 25 முதல் 30 தடவை மெல்ல அடிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் காய்ந்த பிறகே அடுத்தது. இப்படி வந்த வெள்ளைதான் ஓவியத்தின் வெள்ளை நிறமும். முகத்தின் கண் வெள்ளை என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் வண்ணம் படாத வெறும் சுவர். அந்த இடம் அழுக்கானது என்று எண்ணி யாராவது வெள்ளை தொட்டு வைத்தால் முகமே செத்துவிடும்.

வண்ணம் ஏற்றுவது சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு. ஈரப் பூச்சில் தீட்டும் ஐரோப்பிய முறை வேறு. அங்கே வண்ணம் சுண்ணாம்போடு கல்லாகிவிடும். இங்கே வண்ணம் பசையின் பிடியில் மேற்பரப்பில் நிற்கிறது. மஞ்சளும் சிவப்பும் மண் கற்களிலிருந்து. பச்சை, எரவிக்கறை மரத்தின் மஞ்சள் பிசினோடு நீல அமரி (அவுரி) இலைச் சாறு சேர்ந்தது. கறுப்பு, நல்லெண்ணெய் விளக்கின் கரி. பசை, வேப்பம்பிசின். முதலில் மஞ்சள் கோட்டில் உருவம், பிறகு மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நிறங்கள், எல்லாம் முடிந்தபின் கறுப்பில் வெளிக்கோடு. தண்ணீரில் கரையும் பசை என்பதால் ஈரத்துணி பட்டாலே முதலில் போவது கடைசியாக வந்த கறுப்புக் கோடும், தாவரச் சாறு கலந்த பச்சையும். திருவிழாவுக்கு முன் 'தூசு தட்டுகிறேன்' என்று நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் கண்ணிமையும் விரல் நுனியும் போய்விடும். பள்ளிக்குப் பள்ளி பசையும் மாறும். பிற்காலத்தில் எண்ணெய் வண்ணம் தொட்ட இடங்களும் உண்டு. ஒரு பள்ளியில் ஒத்துவந்த துப்புரவு முறை அடுத்த பள்ளியில் வண்ணத்தைக் கரைத்துவிடும்.

சிமென்ட் என்ன செய்கிறது? வெட்டுக்கல் (செம்பூராங்கல்) சுவர் பஞ்சு மாதிரி, ஈரத்தைக் குடிக்கும், விடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த மூச்சுக்கு வழிவிடும். வெளிப்பக்கம் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போகும் வழி அடைபட்டு உள்பக்கமாகத் திரும்பும். உள்பக்கத்தில் ஓவியம் இருக்கிறது. தண்ணீர் தனியாக வராது; மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் சிமென்டிலிருந்தும் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே படிகமாகும், படிகம் பருக்கும், பருத்து வண்ணப் படலத்தைத் தூக்கும். சுவரில் வெள்ளைப் பூ பூத்தது போலத் தெரிவது இதுதான். எமல்ஷன் பூசிய சுவரில் உப்பு வெளியே தெரியாது, படலத்துக்குப் பின்னால் தங்கி வேலை செய்யும். கொப்புளம் கட்டி எமல்ஷன் உரியும்போது அதன் பின்புறத்தில் பழைய வண்ணம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவதும் இதே கேட்டைத்தான் செய்யும், கூடவே மஞ்சளாகிக் கருக்கும்.

ஆகவே ஓவியத்தைக் காக்கும் வேலை ஓவியத்தில் தொடங்காது, கூரையில் தொடங்கும். மதுபஹாவின் கூரை மக்கள் நிற்கும் ஹைக்கலாவின் கூரையைவிட உயரமாக இருப்பது கேரளப் பள்ளிகளின் அடையாளம். இரண்டு கூரையும் சேரும் அந்தச் சுவரில்தான் ஒழுகல் முதலில் வரும். சிமென்ட் வைத்து அடைப்பார்கள். வெயிலில் கூரை ஓடும் மரமும் விரிந்து சுருங்க, இரண்டாம் வருடமே கீறல் விழும். ஓட்டுக்கு அடியில் ஒரு சாணாவது உள்ளே போகிற மாதிரி உலோகத் தகடு மடித்துச் செருகுவதே சரியான வழி. இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன் மே மாதம் ஒருமுறை, துலாமழைக்கு (வடகிழக்குப் பருவமழை) முன் செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, கூரைச் சந்துகளிலும் மழைநீர் ஓடும் பாத்தியிலும் சருகை அள்ள வேண்டும். உடைந்த ஓட்டுக்கு அதே அச்சு ஓடு 50-ஆவது கையிருப்பில் இருக்கட்டும். பொய்க்கூரை போட்டு மறைத்தால் ஒழுகல் தெரியாமல் போகும், நிற்காது.

அடுத்தது தரை. முற்றத்தில் பேவர் பிளாக் பதித்துச் சுவர் ஓரம் வரை கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். மழைநீர் மண்ணில் இறங்க இடமில்லாமல் சுவரின் அடியில் தேங்கி மேலே ஏறும். சுவரைச் சுற்றி 3 அடிக்குப் பேவரை எடுத்துவிட்டுச் சரளைக்கல் போடுங்கள். முற்றம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் தாழ்த்துங்கள். இந்த இரண்டையும் செய்து ஒரு முழு ஆண்டு சுவரை உலரவிட்ட பிறகே பூச்சுப் பேச்சை எடுக்க வேண்டும். காத்திருக்க முடியாமல் கெட்டுப்போன வேலைகளே அதிகம்.

ஓவியம் இல்லாத இடத்தில் பூச்சு விழுந்திருந்தால் சுண்ணாம்பாலேயே சரி செய்யலாம். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றிச் சல்லடையில் வடித்துக் குறைந்தது 3 மாதம் தண்ணீருக்கு அடியில் ஊறவிட வேண்டும். நீறாத கட்டி உள்ளே இருந்தால் பூசியபின் நீறி, பூச்சைப் பொரித்துத் தள்ளும். கழுவிய ஆற்றுமணல் மட்டும். கடல்மணல் ஒரு பிடி சேர்ந்தாலும் உப்பு நாமே கொண்டுவந்தது ஆகிவிடும். அடிப்பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல், மேல்பூச்சுக்கு 1-க்கு 2. கடுக்காயைத் தட்டி ஊறவைத்த சாறும் கருப்பட்டி நீரும் கொஞ்சமாக. கூடினால் இறுக நாளாகும், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுண்ணாம்பு இறுகுவது காற்றில் உள்ள கரியமில வாயுவை உள்வாங்கி; அதற்கு ஈரம் நிற்க வேண்டும். ஒரு வாரமாவது நனைத்த சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிடுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தது விரல் பட்டால் மாவாக உதிரும். நமக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் தை முதல் பங்குனி வரைதான் தோதான காலம். எந்தக் கலவையானாலும் ஒரு சதுர அடிக்கு மூலையில் பூசிப் பார்த்து, ஒரு மாதம் கழித்து வெடிப்பும் உதிர்வும் இல்லையென்றால் மட்டும் மேலே போகலாம்.

ஓவியம் உள்ள இடத்தில் கொத்தனாருக்கு வேலை இல்லை. இதில் எங்களுக்கு இரண்டு கருத்து கிடையாது. விரல் முட்டியால் மிக மெல்லத் தட்டிப் பார்த்தால் பொள்ளலாக ஒலிக்கும் இடம் சுவரை விட்டு விலகிய இடம். அதை வரைபடத்தில் குறித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். விலகிய பூச்சின் பின்னால் சுண்ணாம்புப் பாலைச் செலுத்தி ஒட்டவைப்பதும், உப்பைக் காகிதக்கூழ் ஒத்தடத்தால் உறிஞ்சி எடுப்பதும் பயிற்சி பெற்ற பாதுகாப்பு நிபுணரின் வேலை. மத்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவிலும், லக்னோவில் உள்ள பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகத்திலும், மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையங்களிலும் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆறன்முளை வாஸ்துவித்யா குருகுலத்திலும் குருவாயூர் சுவரோவியக் கல்வி நிலையத்திலும் பயின்றவர்கள் தேர்ந்த ஓவியர்கள், மரபு முறையைக் கண்ணால் காண அங்கே போகலாம். ஆனால் புதிதாக வரைவது வேறு, பழையதைக் காப்பது வேறு. மங்கிய ஓவியத்தின் மேலேயே ஓவியரை விட்டு 'புதுசாக்க'ச் சொன்னால் கிடைப்பது புது ஓவியம்தான்.

அன்றாடம் நடக்கும் சின்னச் சேதங்களும் உண்டு. மதுபஹாத் திரை இழுக்கப்படும்போது ஓரச் சுவரில் உரசும். ஒரே உயரத்தில் வண்ணம் தேய்ந்த பட்டை தெரிந்தால் காரணம் அதுதான். திரைக் கம்பியை ஒரு முழம் உள்ளே தள்ளி மாட்டினால் போதும். எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் சுவரிலிருந்து 4 அடியாவது விலகட்டும். தூபத்தை நிறுத்தச் சொல்ல முடியாது, கூடாது. வழிபாடு முடிந்தபின் ஒரு மணிநேரம் சன்னல்களைத் திறந்து வைக்கலாம். ஒலிபெருக்கிக்கும் டியூப் லைட்டுக்கும் ஆணி அடிப்பதைவிட நிற்கும் தாங்கி வையுங்கள். ஏசி போடுகிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும்: ஞாயிறு மூன்று மணிநேரம் குளிர்ந்து வறண்டு, மற்ற நாள் முழுக்கப் புழுங்கும் சுவரில் உப்பு கரைவதும் உறைவதும் மாறி மாறி நடக்கும். அது தொடர்ந்த ஈரத்தைவிட மோசம்.

திருவிதாங்கோடு போன்ற கருங்கல் கட்டடத்துக்குச் சிக்கல் வேறு. அமிலம் ஊற்றிக் கழுவுவதும் மணலை வீசி அடித்துத் தேய்ப்பதும் உளித் தடத்தை அழித்துவிடும். கல் தச்சனின் கையெழுத்து அந்தத் தடம்தான். எந்தப் பகுதி எப்போது சேர்ந்தது என்று அறிய அதைவிட நல்ல சாட்சி இல்லை. பாசிக்கு மென்மையான நார்த் தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். கல் இடுக்கில் சிமென்ட் வைத்தால் கல்லின் விளிம்பு உடையும். கல் சிலுவைக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதும் வேண்டாம். கோட்டயம் வலியபள்ளியிலும் சென்னைப் பரங்கிமலையிலும் உள்ள பழஞ்சிலுவைகளில் பகலவி எழுத்து இன்றும் படிக்கக் கிடைப்பது, எழுத்தின் பள்ளம் அடைபடாமல் இருப்பதால்தான்.

வெள்ளையடித்த சுவருக்கு அடியிலும் ஓவியம் இருக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். கோடுகள், ஒளிவட்டத்தின் வளைவு, கட்டங்களின் எல்லை புடைப்பாகத் தெரிந்தால் உள்ளே ஏதோ உண்டு. உதிர்ந்த வெள்ளையின் விளிம்பில் சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தாலும் அப்படியே. கத்தியால் சுரண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பழைய வெள்ளை அடுக்குகள் அந்த ஓவியத்துக்கு நல்ல போர்வை. வேலை எதுவானாலும் தொடங்குமுன் சுவரை ஒரு சதுர மீட்டர் வீதம், அளவுகோலும் நிற அட்டையும் வைத்து, நேர் வெளிச்சத்தில் ஒன்றும் பக்க வெளிச்சத்தில் ஒன்றுமாகப் படம் எடுத்துத் தேதியோடு இரண்டு இடத்தில் வையுங்கள்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இழந்த ஓவியங்களுக்குச் சிறந்த ஆவணம் தொல்லியல் துறையிடம் இருப்பதைவிடக் குடும்பங்களின் திருமண ஆல்பங்களில் இருக்க வாய்ப்பு அதிகம். மணமக்களை மதுபஹா முன் நிறுத்தி எடுத்த படங்களில், அவர்கள் தலைக்குப் பின்னால் சுவர் தெரியும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் உருவத்தின் கோடு கிடைக்கும், எந்த ஆண்டில் எந்த அளவு உதிர்ந்தது என்று கணக்கிடலாம். மார்த்தாண்டம், தக்கலை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார வாசகர்கள் அத்தகைய படங்களைத் திருமணத் தேதியோடு பிரதி எடுத்து அந்தந்தப் பள்ளி அலுவலகத்தில் கொடுக்கும்படி ஓர் அறிவிப்பு வெளியிட முடியுமா? ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம், பக்கத்தோடு வைத்துப் படம் பிடித்தால் போதும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பழைய ஆல்பங்களின் பசை, படத்தின் பின்புறத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

இப்படிக்கு,
சுண்ணாம்புப் பூச்சு, சுவரோவியப் பராமரிப்புப் பணிகளில் உள்ள வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.